இருபது வீச்சு பார்க்கிறவள்

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவளுக்கு அது இன்னொரு பெருமையாகிவிடும். இருக்கிற பெருமையே அதிகம். மரியாதைக்கு 'அவர்' என்றாவது எழுதலாம். என்னைப் போல அவளும் உடற்கல்வி ஆசிரியை, என்னைவிட ஒரு வயது கூடவே இருக்கும். ஆனால் கை வரவில்லை. ஐந்து வருடமாக மனதுக்குள் 'அவள்' என்று திட்டியே பழகிவிட்டது.

எனக்குப் போடியில் ஒரு தனியார் பள்ளி. அவளுக்குச் சிலமலையில் அரசுப் பள்ளி. நடுவில் கால்மணி நேர பஸ் பயணம். இரண்டு பள்ளியிலும் பெண்பிள்ளைகளுக்கு பேஸ்பால் உண்டு. இந்த ஊரில் பேஸ்பாலா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மாவட்ட அணி, மாநில அணி என்று சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் இடம் பிடித்த பிள்ளைகளின் வீட்டில் கேட்டால் சிரிக்க மாட்டார்கள். அவள் சிலமலைக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால் இந்த வட்டாரத்தில் பேஸ்பால் என்றால் என்னிடம்தான் வருவார்கள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஒரு பிள்ளை மட்டை பிடிப்பதை அவள் பார்க்கிற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வயிற்றெரிச்சல் தொடங்கியது அங்கேதான். பிள்ளைக்குப் பின்னால் பத்தடி தள்ளி வெறும் மண்ணில் சம்மணம் போட்டு உட்காருவாள். டிராக் பேண்ட் பின்புறம் எந்நேரமும் செம்மண். பையிலிருந்து வறுத்த கடலை எடுப்பாள், தோலோடு. எண்ணி இருபது காய் மடியில் போட்டுக்கொள்வாள். பிள்ளை ஒரு வீச்சு வீசினால் ஒரு காயை உடைத்து வாயில் போடுவாள். பந்து எங்கே போனது என்று நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். பிள்ளையின் காலைப் பார்ப்பாள், இடுப்பைப் பார்ப்பாள், பிடரியைப் பார்ப்பாள். இருபது காயும் தீர்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அதற்குள் பெற்றவர்கள் பொறுமையிழந்து, "என்ன டீச்சர், எப்படி ஆடுறா?" என்று கேட்டால் கையைக் காட்டி நிறுத்துவாள். கடைசிக் காயும் போனதும் மடியைத் தட்டிவிட்டு எழுந்து ஒரே ஒரு விஷயம் சொல்வாள். அது சரியாக இருக்கும். எனக்கு எரிவது அதுதான்.

என்னால் முடியாது. பிள்ளை மட்டையைத் தூக்கும்போதே எனக்கு வாய் திறந்துவிடும். "முழங்கையைத் தூக்கு, காலை வை, கண்ணு பந்துல, இடுப்பு இடுப்பு!" என்று மைதானம் முழுக்க என் குரல்தான். ஏலக்காய் ஏல மையத்தில் ஏலம் விடுகிறவர்கூட நடுவில் மூச்சு வாங்குவார், நீ வாங்க மாட்டாய் என்று என் கணவர் சொல்வதுண்டு.

அவள் வந்த முதல் வருடத்திலேயே ஒரு அவமானம் நடந்தது. என் பள்ளியில் ஆயிஷா என்று ஒரு பிள்ளை, ஏழாம் வகுப்பு. அந்தப் பிள்ளையின் அத்தாவுக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை. மகளுக்கு நல்ல மட்டையாக வாங்கித் தர வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நான் அளவு பார்த்து, பிள்ளை உயரத்துக்கு வேண்டியதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக, கொஞ்சம் கனமாகவே ஒன்று சொன்னேன். "வளர்ற பிள்ளை பாய். அடுத்த வருசமே பத்தாமப் போயிரும். பெருசாவே எடுத்துருங்க" என்றேன். இதில் என்ன தப்பு? நம் ஊரில் எந்தப் பிள்ளைக்கு அளவான யூனிஃபார்ம் எடுத்திருக்கிறோம்? இரண்டு விரல் மடிப்பு வைத்துத் தைத்து, வருடத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிடுவதுதானே வழக்கம். செருப்பிலிருந்து சைக்கிள் வரை அப்படித்தான். நான் வாங்கித் தந்த மட்டை எல்லாமே அந்தக் கணக்கில்தான்.

அந்த மனிதர் ஆர்டர் போடுவதற்கு முன்னால் யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலமலைக்குப் போயிருக்கிறார். அவள் வழக்கம்போல் கடலை தின்று முடித்துவிட்டு, நான் சொன்ன அளவு மட்டை ஒன்றை ஆயிஷா கையில் கொடுத்து, ஒரே கையால் தோளுக்கு நேராக நீட்டிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறாள். பத்து எண்ணுவதற்குள் மட்டையின் நுனி நடுங்கிக் கீழே இறங்கிவிட்டது. சிறிய மட்டையைக் கொடுத்ததும் இருபது எண்ணியும் அசையவில்லை. "பாய், பாவாடைன்னா மடிச்சுத் தைக்கலாம். பேட்ட மடிக்க முடியாதுல்ல?" என்றாளாம்.

இதை அவர் என்னிடமே வந்து சொன்னார், மிகுந்த சந்தோஷத்தோடு. "டீச்சரம்மா, அந்தம்மா சூதானமான ஆளு!" என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் யாரும் வருவதற்கு முன்னால் சாமான் அறைக்குப் போய், என் அணியில் ஆடுகிற என் மகளின் மட்டையை எடுத்து ஒரு கையால் நீட்டிப் பார்த்தேன். எனக்கே கை நடுங்கியது.

சாமான் அறை என்றதும் என் பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தாளாளருக்கு விளையாட்டில் ஆசை உண்டு. நான் கேட்டால் வாங்கித் தருவார். பந்தை மேலே வைத்து அடிக்கிற ரப்பர் கம்பம் இரண்டு. கம்பி முனையில் பந்து சுற்றிச் சுற்றி வருகிற ஒன்று. மட்டையின் கழுத்தில் மாட்டுகிற கன வளையம். முழங்கை விரியாமல் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டுகிற பட்டை. சரியான நேரத்தில் வீசினால் 'டக்' என்று சத்தம் கொடுக்கிற மட்டை. பந்தைத் தானாகவே எறிகிற மெஷின். போனில் ஒரு படத்தைப் பார்த்தால் போதும், அது இல்லாததால்தான் என் பிள்ளைகள் அடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றிவிடும்.

அவளிடம் இருந்தது ஒரு ஏலக்காய்ச் சாக்கு. அதற்குள் நாலைந்து சாமான். பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி நட்ட குழாய், அதன் தலையில் தோட்டத்தில் மருந்தடிக்கிற ஹோஸில் ஒரு சாண் வெட்டிச் செருகியிருப்பாள், பந்தை வைத்து அடிப்பதற்கு. கழித்துப்போட்ட இலவம் பஞ்சை இறுக்கி அடைத்த ஒரு மூட்டை, வாகை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு ஓங்கி அடிப்பதற்கு. அப்புறம் பூச்சி விழுந்த இலவங்காய்கள். போடியைச் சுற்றி இலவமரத்துக்குப் பஞ்சமில்லை. மாசி, பங்குனியில் விற்காத காய்களைச் சும்மாவே தருவார்கள். அதைப் பந்துக்குப் பதிலாக எறிவாள். காயின் நடுவில் மட்டை பட்டால் வெடித்துப் பஞ்சாகப் பறக்கும். ஓரத்தில் பட்டால் கழன்று ஓடும். நன்றாக அடித்தோமா இல்லையா என்று பிள்ளை யாரையும் கேட்க வேண்டாம்.

காசு இல்லாததால் அவள் அப்படிச் செய்தாள் என்று நான் நீண்ட நாள் எனக்கே சொல்லி ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் அவள் பள்ளிக்கும் புதுச் சாமான்கள் வந்து இறங்கின. அப்போதும் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு சாமானைத்தான் கையில் கொடுத்தாள். இரண்டு வாரம் அதோடுதான். பிள்ளைகள் மருந்துச் சீட்டு வாங்கியதுபோல அதைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு திரியும். இன்னொன்று கேட்டால், "ரெண்டு குடுத்தா ரெண்டையும் பாப்ப, பந்தப் பாக்க மாட்ட. போ" என்று விரட்டுவாள்.

அவளைத் தங்கம் என்றும் நினைத்துவிட வேண்டாம். வாய் நீளம், இருபதாவது காய்க்குப் பிறகு வருகிற அந்த ஒரு வார்த்தை சில சமயம் பிள்ளையை அறுத்துவிடும். குரங்கணியிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்து படிக்கிற பிள்ளை ஒன்று, காபித் தோட்டத்து வேலைக்காரர் மகள். மட்டை என்றால் அதற்கு உயிர். இவள் பார்த்து முடித்துவிட்டு எல்லார் முன்னாலும், "ஒனக்குப் பேட்டு வேணாம்த்தா. நீ பந்து பிடிக்கிற பிள்ள. வெரசா போயி கையுறைய மாட்டு" என்றாள். அந்தப் பிள்ளை ஒரு வாரம் அழுதது. எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ச்சி! இப்படியா பிள்ளைகளிடம் பேசுவது என்று நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டேன். அடுத்த வருடம் மாநில அணியில் பந்து பிடிக்கிற இடத்தில் அந்தப் பிள்ளைதான் நின்றது. என் குளிர்ச்சி போன இடம் தெரியவில்லை.

பொருளை வாங்கினால் திருப்பித் தரவும் மாட்டாள். எங்கள் பந்தெறிகிற மெஷினை ஒரு வாரத்துக்கென்று கடன் கேட்டாள். கொடுத்தேன், அவளே என்னிடம் கேட்கிறாளே என்ற கர்வம். இரண்டு மாதம் ஆகியும் வரவில்லை. கேட்டு வாங்கப் போனபோது பார்த்தால், மெஷின் பந்து எறிந்துகொண்டிருக்கிறது, பிள்ளைகள் கையில் மட்டையே இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. பந்து தாண்டிப் போகும்போது, "மேல", "கீழ", "வெளிய" என்று கத்துகின்றன. "அடிக்க விடலையா டீச்சர்?" என்றேன். "மொதல்ல பாக்கட்டும். பாக்கவே தெரியாத பிள்ள எத அடிக்கும்?" என்றாள். மெஷினைத் திறந்தால் உள்ளே பல்சக்கரம் முழுக்க இலவம் பஞ்சு. ஒரு வாரம் உட்கார்ந்து ஊசியால் எடுத்தேன். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

இனி என் மகள் கயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பள்ளியிலேயே படித்தாள், என் அணியிலேயே ஆடினாள். வீட்டில் அம்மா, மைதானத்திலும் அம்மா. நல்ல கை. ஓட்டத்தில் மான். கம்பத்தில் பந்தை வைத்துக் கொடுத்தால் பத்துக்குப் பத்தும் பறக்கும். எதிரே குத்தவைத்து ஒவ்வொரு பந்தாக நான்தான் வைப்பேன். ஆனால் ஆட்டம் என்று இறங்கிவிட்டால் உடம்பை விட்டுத் தள்ளி வெளிப்பக்கம் வருகிற பந்தைத் தவறவிட்டுவிடுவாள். வீசும்போதே தலை இடது பக்கம் திரும்பிவிடும். தலை போனால் தோள் போகும், தோள் போனால் மட்டை போகும். நான் மூன்றாவது பேஸ் பக்கம், பயிற்சியாளர் நிற்கிற இடத்தில் நின்று, "தலை! தலை!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். கத்தக் கத்தத் திரும்பும்.

பயிற்சியில் சரியாக இருப்பது ஆட்டத்தில் ஏன் போகிறது? சாமான் போதவில்லை என்று முடிவு செய்தேன். பட்டை வந்தது. 'டக்' மட்டை வந்தது. தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்கிற ஒரு பஞ்சுருண்டைகூட வந்தது. ஒவ்வொன்றும் பயிற்சியில் வேலை செய்தது, ஏனென்றால் ஒவ்வொன்றையும் மாட்டிவிட்டு நான் எதிரிலேயே நின்றேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் கோடையில் மாவட்ட அணித் தேர்வு. கயலுக்கு அந்த வயதுப் பிரிவில் அதுதான் கடைசி வருடம். பழைய ஆட்டக்காரர்கள் போகப் புதிதாக ஒரே ஒரு இடம்தான் காலி. சிலமலையில் ஒரு பிள்ளை அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அவள் தயாராக்கிய பிள்ளை. அதனால் எனக்கு அது கயலுக்கும் அந்தப் பிள்ளைக்கும் உள்ள போட்டியாகப் படவில்லை. எனக்கும் அவளுக்கும் உள்ள போட்டியாகவே பட்டது.

பங்குனி மாதம் ஒரு சாயங்காலம். கயலுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். காதுக்குப் பின்னால் முடிக்குள் வெள்ளையாக ஏதோ சிக்கியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். இலவம் பஞ்சு. எங்கள் தெருவில் இலவமரம் கிடையாது. பள்ளியிலும் கிடையாது. சட்டையை மோந்து பார்த்துக் கணவனைச் சந்தேகப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்று என் மகளின் ஷூவை எடுத்து உதறினேன், சாக்ஸைத் திருப்பிப் பார்த்தேன், பையைக் கவிழ்த்தேன். எல்லாவற்றிலும் பஞ்சு.

"எங்கடி போற சனி, ஞாயிறு?"

"டியூசனுக்கு."

"டியூசன்ல பஞ்சா அடிக்கிறாங்க?"

கயல் கொட்டியதைப் பொறுக்கிப் பைக்குள் போட ஆரம்பித்தாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் அழுதிருப்பேன்.

அடுத்த ஞாயிறு காலையில் கயல் கிளம்பியதும் பின்னாலேயே அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். பஸ்ஸில் பேச வேண்டியதை எல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சிலமலைப் பள்ளி மைதானத்துக்குள் நுழையும்போது கயல் மட்டை பிடித்து நின்றாள். சிலமலைப் பிள்ளை, அதுதான் கயலோடு போட்டி போடுகிற பிள்ளை, எதிரே நின்று பந்து எறிந்துகொண்டிருந்தது. அவள் வழக்கமான இடத்தில், செம்மண்ணில், மடியில் கடலையோடு.

"டீச்சர்! எம் பிள்ளைக்கு நானிருக்கேன். ஒங்க சோலி என்னமோ அத மட்டும் பாருங்க" என்றேன்.

அவள் நிமிரவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கினாள். "இன்னும் ரெண்டு காய் இருக்கு டீச்சர். அதுவரைக்கும் நில்லுங்க" என்றாள்.

என்ன திமிர் பாருங்கள். நின்றேன். கோபத்தில் கால் தானாக நடந்து, எப்போதும் போய் நிற்கிற இடத்துக்கே போய் நின்றது, மூன்றாவது பேஸ் பக்கம், கயலுக்கு இடது கைப்பக்கம். பந்து வந்தது. கயல் வீசினாள். தலை இடது பக்கம் திரும்பியது. மட்டை காற்றை வெட்டியது.

அவள் ஒரு காயை உடைத்து வாயில் போட்டாள். மிச்சமிருந்த ஒன்றை மடியிலிருந்து எடுத்து, முதல் தடவையாக, பாக்கெட்டில் திருப்பிப் போட்டாள்.

"பாத்தீங்களா?"

"என்னத்த?"

"பதினெட்டு வீச்சு தல அசையல. நீங்க அங்கன போயி நின்னீங்க. பத்தொம்பதாவது வீச்சுல திரும்பிட்டா." எழுந்து மண்ணைத் தட்டினாள். "ஒங்க பிள்ள பந்த விட்டுட்டு ஒங்க மொகத்தத்தான் பாக்குறா டீச்சர். இங்க வந்த மொத வாரம் நீங்க இல்லாத எடத்தக்கூடத் திரும்பித் திரும்பிப் பாத்தா."

"எம் மொகத்துல என்ன இருக்கு?"

"நெத்தியச் சுருக்குறீங்க. தப்பா அடிச்சா மட்டுமில்ல. நல்லா அடிச்சாலும்."

கயல் மட்டையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நின்றாள். பந்து எறிந்த பிள்ளை வேறு எங்கோ பார்த்தது. நான் வாங்கிய ஒவ்வொரு சாமானும் கண் முன்னால் வந்து போனது. எதிரே குத்தவைத்து நான் பந்து வைத்தபோதெல்லாம் ஏன் பறந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அங்கே பந்தும் என் முகமும் ஒரே பக்கம் இருந்தன.

"இப்ப என்ன வாங்கணும்ங்கிறீங்க?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"ஒண்ணும் வாங்க வேணாம். நீங்க எடம் மாறி நில்லுங்க. பந்து எறியுற பிள்ளைக்கு நேர் பின்னால, நல்லாத் தள்ளி. ஒங்களப் பாக்கணும்னு அவளுக்குத் தோணுச்சுன்னா பந்தத் தாண்டித்தான பாக்கணும்?"

"நான் என்ன சாமானா டீச்சர்?"

"ஆமா" என்றாள், சிரிக்காமல். "இந்தப் பிள்ளைக்கு நீங்கதான் சாமான். தப்பான எடத்துல வச்சுட்டாங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் கயலும் நானும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். போடிக்குள் பஸ் நுழைந்து ஏலக்காய் வாசனை அடிக்கும்போது, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொன்னா நீ புதுசா இன்னொண்ணு ஆர்டர் போடுவம்மா" என்றாள்.

தேர்வு தேனியில் நடந்தது, வைகாசி வெயிலில், காலை பத்து மணிக்குமேல். பயிற்சியாளர்கள், பெற்றவர்கள் எல்லாரும் மூன்றாவது பேஸ் பக்கம் வேப்பமர நிழலில். எனக்கு அங்கே நாற்காலிகூடப் போட்டு வைத்திருந்தார்கள். நான் குடையும் இல்லாமல் மைதானத்தைச் சுற்றி நடந்து, பந்து எறிகிறவளுக்கு நேர் பின்னால், எல்லைக்கோட்டுக்கு வெளியே, சுவரோரம் போய் நின்றேன். அங்கே என்னையும் இரண்டு ஆட்டையும் தவிர யாரும் இல்லை. மரத்தடியில் இருந்தவர்கள் என்னைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டது தெரிந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று துப்பட்டா நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டேன். அவள் சிலமலைப் பிள்ளையோடு வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

சிலமலைப் பிள்ளை முதலில் ஆடியது. பத்துப் பந்தில் ஏழு. நன்றாகவே அடித்தது.

கயல் வந்தாள். முதல் பந்தில் தப்பினாள். நடுவில் இன்னொன்றும் தப்பியது, மற்றதெல்லாம் அடித்தாள். கடைசிப் பந்துக்கு வரும்போது ஏழு அடித்திருந்தாள். கடைசிப் பந்து வெளிப்பக்கம் வந்தது. அந்தத் தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. மூன்று வருடமாக அவள் விட்டுக்கொண்டிருந்த அதே பந்து. தலை அசையவில்லை. சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் என் காதுக்கு வந்தது, அதற்குள் பந்து எல்லார் தலைக்கும் மேலே கிளம்பிவிட்டது. தரையில் இரண்டு தடவை குதித்து என் காலடிக்கே உருண்டு வந்தது. ஆடுகள் ஓடின.

அணிப் பட்டியலில் கயல் பெயர் இருந்தது. சிலமலைப் பிள்ளை பெயர் இல்லை. நான் அவளிடம் போய் நின்றேன். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே, "எம் பிள்ளைக்கு அடுத்த வருசம் இருக்கு. ஒங்க பிள்ளைக்கு இல்லைல?" என்று சொல்லி, கை நிறையக் கடலையை அள்ளி என் கையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவள் ஒரு கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் மாற்றல் வாங்கிக்கொண்டு திண்டுக்கல் பக்கம் போய்விட்டாள். அந்த வருடம் அந்தச் சிலமலைப் பிள்ளை தேர்வானது. இப்போது மறுபடி எல்லாரும் என்னிடமே வருகிறார்கள், போனில் படத்தைக் காட்டி, "இத வாங்கலாமா டீச்சர், அத வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டு. பிள்ளைக்குப் பின்னால் போய் மண்ணில் உட்காருகிறேன். இருபது கடலை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். பதினொன்று வரைக்கும் வாயை மூடியிருந்திருக்கிறேன். அதுதான் இதுவரை அதிகம்.

அவளுக்குப் போன் செய்ததில்லை. செய்யவும் மாட்டேன். அந்தத் தேர்வு நாளில் கடைசிப் பந்தை அடித்து முடித்ததும் கயல் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினாள், நான் எப்போதும் நிற்கிற இடத்தைப் பார்த்து. அங்கே காலி நாற்காலி. உடனே பிள்ளையின் முகம் முழுக்க ஒரு சிரிப்பு விரிந்தது. என்னைத் தேடவுமில்லை, யாரையும் பார்க்கவுமில்லை. தானாக வந்த சிரிப்பு. நன்றாக அடித்தால் என் மகள் அப்படிச் சிரிப்பாள் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. சிலமலையில் இலவங்காய் ஒவ்வொன்றாக எறிந்து, ஒவ்வொன்றும் வெடித்துப் பஞ்சு பறக்கும்போது, எதிரே நின்று அந்தச் சிரிப்பை அவள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருப்பாள். எனக்கு முன்னால் பார்த்துவிட்டாள். அதற்காக மட்டும் என்னால் அவளை மன்னிக்க முடியவில்லை.